ஜாம் ஜாம் துப்பாக்கி

இனிமேல் கோபப்படுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். டாக்டர் சொன்னார், பொறுத்துக்கொண்டேன். சர்ச்சில் பாஸ்டர் சொன்னார், அதையும் பொறுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு ஹாஸ்கல் சொன்னான். அவன் யார் எனக்குச் சொல்ல? அந்த இடத்தில்தான் முடிவு உடைந்துபோனது. இப்போது முன்னைவிட அதிகமாகவே கோபமாக இருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் வெர்னன் ஸ்டாம்பர். கென்டக்கி மலைப்பக்கத்தில் லிக் கிரீக் எங்கள் ஊர். இங்கே ஓர் ஆண்பிள்ளை தேர்தலில் தோற்கலாம், சீட்டாட்டத்தில் தோற்கலாம், பெண்டாட்டியிடம் தினமும் தோற்கலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். துப்பாக்கி சுடத் தெரியாதவன் என்று மட்டும் பெயர் எடுத்துவிட்டால் முடிவெட்டும் கடையில்கூட உட்கார முடியாது.

எனக்குக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கடையில் கண்ணாடிக்குள் ஒன்று படுத்திருந்தது. கறுகறுவென்று, மெலிசாக, பார்த்தாலே எழுந்து நின்று தொப்பியைக் கழற்றத் தோன்றும். நான் செய்த ஒரே தப்பு, வெல்மாவையும் கூட அழைத்துப் போனது. வெல்மா என் மனைவி.

"இது சுடுமா?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"அருமையா சுடும்மா."

"அதோ மூலையில ஒண்ணு மலிவா கிடக்குதே, அது?"

"அதுவும் சுடும்."

"ரெண்டுக்கும் ஒரே குண்டா?"

"ஒரே குண்டுதாம்மா."

"அப்ப சரி. குண்டு வாங்குறவன் எந்தத் துப்பாக்கியில இருந்து வந்துச்சுன்னு விசாரிக்கவா போறான்? அந்த மூலையில இருக்கிறதையே கட்டுங்க."

கட்டிவிட்டார்கள். செங்கல்லுக்குப் பிடி போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கம்பெனிக்காரன் அதற்கு ஏதோ ஒரு மிருகத்தின் பெயரை வைத்திருக்கிறான். அதை இங்கே எழுத மாட்டேன். நான் வைத்த பெயர் கழுதை.

அது செமி ஆட்டோமேட்டிக். அதாவது, ஒரு தடவை விசையை இழுத்தால் ஒரு குண்டு போகும், காலி உறை தானே வெளியே தெறிக்கும், அடுத்த குண்டு தானே உள்ளே ஏறும். செய்முறைப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. என் கழுதையில் முதல் பாதி நடக்கும். காலி உறை வெளியே வருவதற்குப் பதிலாக வாசலிலேயே சிக்கிக்கொண்டு, அடுப்புப் புகைக்குழாய் மாதிரி செங்குத்தாக நிற்கும். மூன்று குண்டுக்கு ஒரு தடவை. நான் கோபத்தில் இருந்தால் இரண்டு குண்டுக்கு ஒரு தடவை. நான் எப்போதும் கோபத்தில்தான் இருந்தேன்.

முதல் நாள் சுட்டுவிட்டு வந்து சமையலறை மேஜையில் தொப்பியை வீசினேன்.

"ஜாம் ஆயிடுச்சு, வெல்மா!"

"ரொட்டிக்குத் தடவிக்கோ."

"அந்த ஜாம் இல்லடீ! துப்பாக்கி! சுடச் சுட ஜாம் ஆகுது!"

"இதுவும் சுடச் சுட ஜாம்தான். நாகப்பழம் மாதிரி நம்ம வேலி ஓரத்துல காய்க்குதே, பிளாக்பெர்ரி, அதுல போட்டேன். பிஸ்கட்டும் இப்பத்தான் சுட்டேன்."

"நான் என்ன சொல்றேன், நீ என்ன சொல்றே?"

"நீ சுட்டா ஜாம் ஆகுதுங்கிறே. நான் சுட்டா பிஸ்கட் ஆகுதுங்கிறேன். உக்காந்து சாப்பிடு, கண்ணு."

வெல்மா என்னைக் 'கண்ணு' என்று கூப்பிட்டால் நான் என் சாமான்களை எண்ணிப் பார்ப்பேன். கல்யாணம் ஆன புதிதில் அன்பாகத்தான் கூப்பிட்டாள். இப்போதெல்லாம் ஏதோ ஒன்று என் கையைவிட்டுப் போகப்போகிறது என்று அதற்கு அர்த்தம்.

போகவிருந்தது என் அறை. வீட்டின் பின்பக்கத்தில் ஓர் அறை. என் சாய்வு நாற்காலி, டிவி, சுவரில் என் அப்பா சுட்ட மானின் தலை, தோட்டா அடுக்கும் பலகை எல்லாம் அங்கேதான். இந்த வீட்டில் நான் பேசினால் எதிர்ப்பேச்சு வராத ஒரே இடம் அதுதான், ஏனென்றால் அங்கே வேறு யாரும் இருப்பதில்லை. வெல்மாவின் அத்தை ஒருத்திக்குக் கண் பார்வை மங்கிப்போய், தன் பெரிய தையல் மெஷினை வெல்மாவுக்குத் தந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். ஒட்டுப்போர்வை தைக்கிற மெஷின். கட்டில் நீளத்துக்கு ஒரு சட்டம், அதன்மேல் ஓடுகிற ஊசித்தலை. அதை வைக்க வேறு இடமில்லை என்று வெல்மா கோடை முழுக்க என் அறை வாசலில் அளவுநாடாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

நான் இன்டர்நெட்டில் என் ஆத்திரத்தைக் கொட்டினேன். இந்தக் கழுதையை வாங்கியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். 'இது துப்பாக்கி அல்ல, பேப்பர் பறக்காமல் வைக்கிற குண்டுக்கல்' என்று ஆரம்பித்து, கம்பெனிக்காரனின் பரம்பரையை விசாரித்து, ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். அதையும் கொடுக்காமல் விட வழியில்லை, ஒன்றாவது போட்டால்தான் அந்தப் பக்கம் ஏற்றுக்கொள்ளும்.

பதில்கள் வந்தன. ஆறுதல் சொல்வார்கள் என்று பார்த்தேன். டெக்சாஸ்காரன் ஒருவன், 'என்னுடையது சேற்றில் விழுந்தது, எடுத்துத் துடைக்காமலே சுட்டேன், ஜாம் ஜாமென்று சுடுகிறது' என்று எழுதியிருந்தான். இன்னொருவன், 'பார்க்கத்தான் அசிங்கம், குணத்தில் தங்கம்' என்று பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி எழுதியிருந்தான். எண்ணெய் போட்டாயா என்று ஒருவன். என்ன குண்டு போடுகிறாய் என்று ஒருவன். அதற்குக் கீழே அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி எழுதியிருந்தார்கள்: 'அண்ணே, உங்கள் மணிக்கட்டு தொளதொளவென்று இருக்கிறது.'

என் மணிக்கட்டை இவர்கள் எங்கே பார்த்தார்கள்? நாற்பது வருஷம் லாரி ஓட்டிய மணிக்கட்டு இது! பின்வாசல் திண்ணையில் உட்கார்ந்து நான் அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிப்பதற்குள் ஹாஸ்கல் வேலிக்கு மேலே தலையை நீட்டினான்.

"என்ன வெர்னன், கழுதை உதைக்குதாமே?"

"யார் சொன்னது?"

"நம்ம வெல்மா தங்கச்சிதான் சொல்லிச்சு. யோவ், துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கணும். கை பின்னால போனா உறை எப்படி வெளிய வரும்? மணிக்கட்டு தொளதொளன்னு இருந்தா..."

"தொளதொளன்னு சொன்னே, அந்த வேலியைப் பிடுங்கி உன் மேலயே போடுவேன்!"

"பிடுங்கு பாப்போம். அதுக்கும் மணிக்கட்டு வேணும்ல?"

ஹாஸ்கல் ஊர்த் தீயணைப்புப் படையில் இருக்கிறான். அவர்கள் கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருக்கிறது. சனிக்கிழமைகளில் எல்லோரும் அங்கேதான் சுடப் போவோம், ஹாஸ்கல்தான் விசில் ஊதி மேற்பார்வை பார்ப்பான். விசில் கையில் வந்ததிலிருந்து அவன் மூச்சு விடுவதே விசிலில்தான்.

அன்று சாப்பாட்டு மேஜையில் நான் வெடித்தேன்.

"துப்பாக்கிதான் பழுது! என் கை நல்லாத்தான் இருக்கு! வேற வாங்கியே தீருவேன்!"

வெல்மா சோள ரொட்டியை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"துப்பாக்கி பழுதுன்னா யார் சுட்டாலும் ஜாம் ஆகணும், இல்லையா?"

"ஆகணும்."

"நான் சுட்டாலும்?"

"நீ சுட்டா கண்டிப்பா ஆகும்."

"அப்ப ஒண்ணு செய்வோம். சனிக்கிழமை மண்மேட்டுப் பக்கம் மீன் வறுவல் விருந்துக்கு ஊரே வருது. அங்க நானும் சுடறேன், நீயும் சுடு. எனக்கும் ஜாம் ஆச்சுன்னா துப்பாக்கிதான் பழுது. நீ கடையில படுத்திருக்கிற அந்தக் கறுப்பு மகாராணியை வாங்கிக்கோ, உன் அறைப்பக்கம் நான் எட்டியும் பாக்கல. எனக்கு ஆகாம உனக்கு மட்டும் ஆச்சுன்னா, பழுது உன்கிட்டதான். அறையில என் மெஷின்."

"சரி!" என்று மேஜையில் குத்தினேன். மோர்க் குவளை கவிழ்ந்தது.

"நல்லது, கண்ணு," என்றாள் வெல்மா.

அந்தக் 'கண்ணு' இரவெல்லாம் என் காதில் ரீங்காரமிட்டது. எனக்குக் கழுதையின் மேல் நம்பிக்கை இல்லை. என்னிடம் பழுதாக இருந்துவிட்டு, அவளிடம் ஒழுங்காக நடந்துகொள்ளும் ஜாதி அது. எங்கள் நாயும் அப்படித்தான். ஆகவே விதியைக் கொஞ்சம் கையில் எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

பயிற்சித் தோட்டா என்று ஒன்று உண்டு. பார்க்க அசல் மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து கிடையாது. விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என் பலகையில் சில கிடந்தன. கழுதைக்கு இரண்டு மேகசின். படிக்கிற மேகசின் இல்லை, தோட்டாவை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகுகிற டப்பா. ஒன்றில் அசல் குண்டுகள். இன்னொன்றில் பொய்த் தோட்டாவும் அசலும் கலந்து அடுக்கினேன். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்ததால், பொய் கலந்த டப்பாவின் அடியில் வெல்மாவின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். சிவப்புப் பொட்டு அவளுக்கு, பொட்டில்லாதது எனக்கு. அவள் 'டிக் டிக்' என்று திணறுவாள். 'பார்த்தாயா, பழுது!' என்று நான் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லி டப்பாவைச் சட்டென்று உருவிக்கொள்வேன். யாரும் உள்ளே பார்க்கப் போவதில்லை. அப்புறம் எனக்கும் எப்படியும் ஜாம் ஆகும்.

படுக்கும்போது என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை ஊரே கூடியிருந்தது. கெளுத்தி மீன் எண்ணெயில் பொரிகிற மணம் மண்மேடு வரை வந்தது. மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் எங்கள் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பந்தய விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஹாஸ்கலிடம் சொல்லிவிட்டால் அப்புறம் வானொலி எதற்கு?

"பெண்களுக்கு முதல் மரியாதை," என்று குனிந்து, சிவப்புப் பொட்டு டப்பாவை வெல்மாவிடம் நீட்டினேன். நாங்கள் ஆளுக்கொரு காது மூடியை மாட்டிக்கொண்டோம்.

ஹாஸ்கல் விசில் ஊதினான். வெல்மா காலை அகட்டி நின்றாள். தினமும் மாவு பிசைகிற கை. அந்தக் கைக்குள் கழுதை காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு பதவிசாக உட்கார்ந்தது.

டமார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் தோட்டாவே பொய்த் தோட்டாவாயிற்றே?

டமார். டமார். டமார். உறைகள் பொரி தெறிப்பது போல ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. ஒன்றுகூடச் சிக்கவில்லை. மருந்தே இல்லாத தோட்டா எப்படி வெடிக்கும்? எங்கள் வீட்டில் அவள் சொன்னால் எதுவும் நடக்கும் என்பது தெரியும், ஆனால் இதுவரைக்குமா? டப்பா காலியானதும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னைத் தோளில் தட்டினாள். இலக்குத் தாளின் நடுவில் ஒரு கையளவு இடம் கந்தலாகத் தொங்கியது. நாற்காலிகள் கைதட்டின.

"இப்ப உன் முறை, கண்ணு."

பொட்டில்லாத டப்பாவைச் செருகினேன். கோபத்தில் காது சுட்டது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. குறி பார்த்தேன். விசையை இழுத்தேன்.

டிக்.

வெடிக்கவில்லை. ஆனால் நான் அதற்குள் வெடிச்சத்தத்துக்குத் தயாராகிவிட்டேன். கண்ணை இறுக மூடி, தோளைக் காதுவரை தூக்கி, துப்பாக்கி மூக்கைத் தரைக்கு இறக்கி, போதாக்குறைக்கு 'ஹப்' என்று ஒரு சத்தமும் போட்டேனாம். தொப்பி கீழே விழுந்தது. வெடி ஒன்று கேட்டிருந்தால் இதெல்லாம் அதற்குள் மறைந்திருக்கும். இப்போது மறைக்க ஒன்றுமில்லை. நடுப்பகலில், நிசப்தத்தில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒன்றுமில்லாததற்குக் குதித்தேன்.

ஹாஸ்கல் வாயிலிருந்து விசில் விழுந்தது.

"வெர்னன், துப்பாக்கி வெடிக்கல. நீதான்யா வெடிச்சே!"

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அந்தத் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு மறுபடி இழுத்தேன். இந்தத் தடவை வெடித்தது. குண்டு இலக்குக்குப் போகாமல் எனக்கு முன்னாலேயே மண்ணைக் கிளப்பியது. காலி உறை வாசலில் சிக்கிக்கொண்டு புகைக்குழாயாக நின்றது. எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி இழுத்தேன். டிக். மறுபடி குதித்தேன். குதிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் குதித்தேன்.

ஹாஸ்கல் வந்து கீழே கிடந்த தோட்டாவைப் பொறுக்கிப் பார்த்தான்.

"இது பயிற்சித் தோட்டாவாச்சே! கண்ணை மூடுறானா, கையை இழுக்குறானான்னு கண்டுபிடிக்கப் புது ஆளுங்களுக்குப் போட்டுக் கொடுக்கிறது. உன் டப்பாவுல யாரு போட்டது?"

நான் வாயைத் திறந்தேன். 'வெல்மாதான் மாற்றி வைத்துவிட்டாள்' என்று சொல்லலாம். 'அவளுக்கு இது எங்கே கிடைத்தது' என்பான். 'நான் அவளை ஏமாற்ற அடுக்கி வைத்தேன்' என்று சொல்ல வேண்டும். முன் வரிசையில் பாஸ்டர் மீன் தின்றுகொண்டிருந்தார்.

"யாரு போட்டாங்க, கண்ணு? சொல்லேன்," என்றாள் வெல்மா, பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி.

"நான்தான்," என்றேன். "என்னை நானே... சோதிச்சுப் பாக்க."

"ஊர் முன்னாடியா?"

"ஊர் முன்னாடிதான்! அதுக்கென்ன?"

ஹாஸ்கல் என் தோளில் கைபோட்டான். கூட்டத்தைப் பார்த்து, "பாவம், நல்ல மனசு இவனுக்கு," என்றான். எங்கள் ஊரில் ஒருவனைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டார்கள் என்றால் அவனை அடக்கம் பண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம். பெண்கள் எல்லோரும் தலையை ஆட்டி, "பாவம், நல்ல மனசு," என்றார்கள். பாஸ்டரும் சொன்னார். அவரை இனிமேல் மன்னிக்கப் போவதில்லை.

திரும்பி வரும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். பாலம் தாண்டியதும் தாங்க முடியவில்லை.

"எப்படிடீ தெரிஞ்சுது?"

"எது?"

"நடிக்காதே!"

"என் நகப்பூச்சை எடுத்தா மூடியைச் சரியா மூடி வைக்கணும், வெர்னன். காலையில பாத்தா மேஜையெல்லாம் ஒழுகிக் கெடக்கு. நீ எதுக்கு நகப்பூச்சு போடப் போறேன்னு தேடினேன். துப்பாக்கிப் பெட்டியைத் திறந்தா ஒரு டப்பா அடியில பொட்டு. உன்னுதைத் துடைச்சுட்டு மத்ததுக்கு வச்சேன். அதே இடத்துல, அதே அளவு. கொஞ்சம் அழகாவே வச்சேன்."

"அது மோசடி!"

"எது? நீ என் தலையில கட்டப் பாத்த பொய்த் தோட்டாவையா சொல்றே?"

ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினேன். ஹார்ன் அடித்தது. எதிரே வந்த ஹாஸ்கலின் மச்சான் தனக்குத்தான் வணக்கம் என்று நினைத்துக் கையசைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை மெஷின் வந்து இறங்கியது. என் நாற்காலி கார் நிறுத்துகிற கொட்டகைக்குப் போனது. மான் தலையை மட்டும் சுவரிலேயே விட்டுவிட்டாள், அதன் கொம்பில் நூல்கண்டு மாட்ட வசதியாக இருக்கிறதாம். கழுதை அவள் அலமாரியில் இருக்கிறது. பிஸ்கட்டைச் சுட்டாள், இலக்கைச் சுட்டாள், கடைசியில் என் துப்பாக்கியையும் சுட்டுவிட்டாள். இன்டர்நெட்டில் அந்தப் பக்கத்தில் அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து, 'சாதுவான பிராணி, வீட்டுக்கு ஏற்றது, கணவரிடம் கொடுக்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறாள். டெக்சாஸ்காரன் அதற்குக் கைதட்டியிருக்கிறான்.

நேற்று கொட்டகையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெல்மா வந்து நின்றாள். முகம் கனிவாக இருந்தது.

"வெர்னன், கோடை முழுக்க நீ சுட்டுப் பழகின இலக்குத் தாளெல்லாம் சுருட்டி வச்சிருக்கியே, அதை நான் எடுத்துக்கட்டுமா?"

என்ன இருந்தாலும் கட்டின பெண்டாட்டி. என் உழைப்பை ஒருத்தியாவது மதிக்கிறாளே என்று கோபம் பாதி இறங்கிவிட்டது.

"எடுத்துக்கோ. சுவர்ல மாட்டப் போறியா?"

"இல்ல. போர்வைக்குத் துணி வெட்ட அளவுத்தாள் வேணும். ஹாஸ்கல்கிட்ட கேட்டேன், அவனுதெல்லாம் ஒரே ஓட்டை. உன்னுது ஒவ்வொண்ணும் கடையில வாங்கின மாதிரியே இருக்கு."